ஜெனோவாவில் சூடம் கிடைக்காது

1

இந்தக் கதை என் கால்வலியில் பிறந்தது. இதைவிடக் கௌரவமான ஒரு பிறப்பைச் சொல்லியிருக்கலாம். கனவில் வந்தாள், காதில் பேசினாள் என்றெல்லாம் சொன்னால் உங்களுக்கும் பிடித்திருக்கும். ஆனால் பொய்யில் தொடங்கினால் கடைசிவரை அதைக் காப்பாற்ற வேண்டும். அவ்வளவு தெம்பு எனக்கு இப்போது இல்லை.

மலேசியாவில் என் ஊரான ஈப்போவிலிருந்து ஒரு பயணக்குழுவோடு இத்தாலி போயிருந்தேன். ஊருக்கு ஒரு தேவாலயம். ஒவ்வொன்றிலும் கழுத்தை நிமிர்த்தி, வாயைப் பிளந்து, ஆஹா சொல்லி, கழுத்தை இறக்க வேண்டும். ஜெனோவாவுக்கு வந்து சேர்ந்தபோது கூரையில் தெரிவது ஓவியமா மழைக்கறையா என்று பார்க்கிற ஆசைகூடப் போய்விட்டது. அங்கே சான் லொரென்சோ என்று ஒரு பழைய பேராலயம் இருக்கிறது. கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாகக் கல் அடுக்கிய சுவர். படியில் இரண்டு கல் சிங்கங்கள். நான் உள்ளே போனதும் கண்ணில் பட்ட முதல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

என் அறைத்தோழி சந்திரமதி அக்கா விடவில்லை. பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாண வம்சம், எழுபதைத் தாண்டியும் அலுக்காதவர்.

"எழும்பு லா. காசு கட்டி இவ்வளவு தூரம் வந்தது பெஞ்சில இருக்கவா?"

"நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்கக்கா. நான் நம்புறேன்."

இடப்பக்கத்தில் ஒரு சிற்றாலயம். தூண்களும் சிலைகளுமாக ஒரே பளிங்கு. திருமுழுக்கு யோவானின் சாம்பல் அதில் இருப்பதாக நம்பிக்கை. பல நூற்றாண்டுகளாக, ஆண்டில் ஒரு நாள் தவிர, பெண்களை அதற்குள் விடவில்லை என்று வழிகாட்டிப் பெண் சொன்னாள். ஒரு பெண் ஆடிக் காட்டி, பரிசாக அவர் தலையைக் கேட்டு, அதைத் தட்டில் வாங்கிக்கொண்டாளாம். அந்த ஒருத்திக்காக எல்லோரும் வெளியே.

"இங்கயுமா? நம்ம ஊர்லதான்னு நெனச்சேன் லா," என்றார் எங்கள் குழுவிலிருந்த பழனியப்பன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது.

இப்போது அந்தத் தடை இல்லை. நான் போயிருக்கலாம், போகவில்லை. எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி, தடை இருந்த நாளில், இதே போல் கால் வலித்து இங்கே வெளியே உட்கார்ந்திருந்தால் என்று பெஞ்சிலேயே யோசித்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒருத்தி இருந்ததற்கு எந்த ஆதாரமும் இல்லை. முழுக்க என் கற்பனை. தடை எந்த ஆண்டில் நீங்கியது என்று கேட்டதற்கு வழிகாட்டிக்கும் தெரியவில்லை. ஆகவே என் கதை நடக்கும் ஆண்டில் அது இருந்ததாக நானே வைத்துக்கொண்டேன்.

2

"1922ஆம் ஆண்டு உலகச் சந்தையில் ரப்பர் விலை வீழ்ச்சியடைந்ததைத் தொடர்ந்து மலாயாவின் தோட்ட—"

வேண்டாம். பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி இருக்கிறது.

"நீலக்கடலைக் கிழித்துக்கொண்டு அந்தப் பிரம்மாண்டமான கப்பல்—"

இதுவும் வேண்டாம். வழியெல்லாம் வாந்தி எடுத்தவளுக்குக் கடல் என்ன நிறமாக இருந்தால் என்ன.

"கரையில் இறங்கிய பிறகும் வீரம்மாவுக்குத் தரை ஆடிக்கொண்டிருந்தது."

இது இருக்கட்டும். இதிலிருந்து போகலாம்.

தோளில் துரையின் பிள்ளை, பேபி. அதற்கு ஒன்றரை வயது. நிஜப் பெயர் வீரம்மாவின் வாயில் நுழையாது. முன்னால் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையும் அவர் மனைவி துரைசாணியும், பின்னால் இவள். சித்தியவானுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகையில் வேலை பார்த்தவள் அவள். எப்படி அழுகிற பிள்ளையும் அவள் தோளுக்கு வந்தால் அடங்கிவிடும். அந்தக் கைராசிதான் அவளை பங்களாவுக்குக் கொண்டுபோனது. பிறகு லூமுட் துறையில் ஏற்றி, பினாங்கில் பெரிய கப்பலுக்கு மாற்றி, ஜெனோவாவில் இந்தப் பேராலயப் படிக்கட்டில் கொண்டுவந்து நிறுத்தியதும் அதுதான். வேலை நன்றாகச் செய்கிறவர்களுக்கு மேலும் வேலை கிடைக்கும் என்பது அன்றைக்கும் அப்படித்தான்.

அவளுக்கென்று ஒரு பிள்ளை உண்டு. அஞ்சலை, நான்கு வயது. புருஷன் மலைக்காய்ச்சலில் போன பிறகு அவளுக்கு மிச்சமாக இருந்தது அந்தப் பிள்ளை மட்டும்தான். கூலிக்காரர் குடியிருக்கும் லயத்தில் அண்ணி முத்தம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். துரை லீவில் ஊருக்குப் போகிறார், தீபாவளிக்குள் எல்லோரும் திரும்பிவிடலாம் என்று துரைசாணி சொல்லியிருந்தாள். அதை நம்பி வீரம்மாவும் பிள்ளையிடம் சொன்னாள்: "தீவாளிக்கு அம்மா வந்துடுவேன்டி. அழாம இருக்கணும்." அஞ்சலை அழவில்லை. அதுதான் வீரம்மாவுக்குக் கப்பல் முழுக்க உறுத்திக்கொண்டே வந்தது.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது, சோம்பலால் இங்கேயே: முதல் வரைவில் இவள் பெயர் இருளாயி. இவள் கும்பிடப்போகும் சாமி யார் என்று முடிவானதும் பெயர் இடித்தது. இருளாயி என்பது இராமநாதபுரம் பக்கம் அதிகம் வைக்கிற பெயர். இவளோ உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்துக்காரி. எங்காவது திருத்தாமல் விட்டிருந்தால் நீங்களே வீரம்மா என்று படித்துக்கொள்ளுங்கள்.)

3

இதுவரை எழுதியதைச் சந்திரமதி அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் படித்தாலே திருத்துவார்.

"அந்தக் காலத்துத் துரை, தோட்டத்து ஆயாவைக் கோயிலுக்குள்ள கூட்டிக்கொண்டு போவானா? வாசல்ல நிக்க வச்சிருப்பான்."

"பேபி அவ தோள விட்டு எறங்காதுக்கா."

"அப்ப சரி," என்றார். இலக்கியத்தில் பல பெரிய சிக்கல்கள் இப்படித்தான் தீர்கின்றன.

உள்ளே இருட்டு. துரைசாணி கையில் வழிகாட்டிப் புத்தகம். ஒவ்வொரு தூணுக்கும் நின்று அதில் உள்ளதை வாசித்தாள். துரை ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அவர்கள் முகத்திலும் களைப்புத்தான். பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டால் யாராவது கேட்பார்கள் என்கிற பயம் ஒன்றுதான் அவர்களை நடத்திக்கொண்டு போனது. அந்த பயம் எனக்கு நன்றாகத் தெரியும்.

வீரம்மாவும் பார்த்தாள். பலிபீடத்துக்கு மேலே கூரையில் ஒரு மனிதரை இரும்புக் கட்டிலில் போட்டுக் கீழே தீ மூட்டுகிற படம். தீ மிதிக்கிறவர்களை அவள் பார்த்திருக்கிறாள். தீயில் படுக்கிறவரை இப்போதுதான் பார்க்கிறாள். யார் பெற்ற பிள்ளையோ என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு ஒரு பக்கத்து அறையில், பூட்டிய பெட்டியைத் திறந்து, ஒரு பாதிரியார் பொக்கிஷங்களைக் காட்டினார். முதலில் ஒரு பச்சைக் கிண்ணம். பல நூறு ஆண்டுகள் அதை ஒற்றை மரகதம் என்று நம்பினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் பாரிசுக்குக் கொண்டுபோய், திரும்பி வந்தபோது உடைந்திருந்தது. கண்ணாடிதான் என்றும் தெரிந்துபோனது. (இந்தக் கிண்ணத்தை வைத்து ஒரு பெரிய தத்துவம் சொல்ல நினைத்திருந்தேன். அதற்காக அரைப் பக்கம் எழுதியும் விட்டேன். அடித்துவிட்டேன். அது பச்சையாக இருந்தது, அழகாக இருந்தது, அவ்வளவுதான்.)

அடுத்தது தட்டு. வழவழப்பான கல்லில் குடைந்த பழைய தட்டு. நடுவில் பொன்னும் வண்ணமுமாக ஒரு சின்னத் தலை. உடம்பு கிடையாது. தலை மட்டும்.

வீரம்மாவுக்கு உடம்பு சிலிர்த்தது. கூத்தாண்டவர்!

பாரதப் போர் ஜெயிக்க வேண்டும் என்று பலி கொடுக்கப்பட்ட அரவானைத்தான் அவள் பக்கத்தில் கூத்தாண்டவர் என்பார்கள். அங்கேயும் கும்பிடுவது தலையைத்தான். இதில் தாடி இருந்தது. அவள் சாமிக்கு மீசைதான். தூர தேசம், சவரம் பண்ண ஆள் கிடைத்திருக்காது. இவ்வளவு கடல் தாண்டி வந்தும் இவர் இங்கே உட்கார்ந்திருக்கிறாரே என்று அவளுக்குக் கண் கலங்கியது. பேபியை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு ஒற்றைக் கையால் கும்பிட்டாள்.

"சாமி, தீவாளிக்குள்ள என் புள்ள கிட்ட கொண்டு சேத்துடு. முடி எறக்குறேன்."

பாதிரியார் புன்னகைத்தார். தன்னுடைய புனிதருக்குத்தான் அந்தக் கும்பிடு என்று எடுத்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் சந்தோஷம். நான் இதில் குறுக்கிடவில்லை.

4

சிற்றாலயத்தின் முன்னால் ஒரு காவலாள் கை நீட்டித் தடுத்தான். துரை மட்டும் போகலாம். துரைசாணியின் முகம் சிவந்தது. தன் தோட்டத்தில் எந்தக் கதவும் அவளுக்கு மூடியதில்லை. துரை தன் தோட்டத்துத் தமிழில், மனைவிக்கு விளக்குவதை விட்டுவிட்டு வீரம்மாவுக்கு விளக்கினார். மனைவியிடம் அதைச் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லாமல் இருந்திருக்கலாம்.

"வீரம்மா, நில்லு. பொம்பளை உள்ளே இல்லை. முன்னே ஒரு பொம்பளை டான்ஸ் ஆடி, இந்தச் சாமி தலை கேட்டா. தட்டிலே வாங்கினா. அதனாலே பொம்பளை வெளியே. சரியா?"

"சரிங்க தொரை."

அவர் உள்ளே போனார். வீரம்மா யோசித்தாள். கூத்தாண்டவர் தலையை யாரும் ஆடிக் கேட்கவில்லையே. கேட்டவர்கள் எல்லாம் ஆம்பளைகள்தானே. கிருஷ்ணசாமி கேட்டார், பஞ்சபாண்டவர் சரி என்றார்கள். அவர்களை எந்தக் கோயிலிலும் யாரும் வெளியே நிறுத்தவில்லையே.

இதை அவள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? ஒரு வரைவில் சொல்ல வைத்தேன். துரை வாயடைத்து நின்றார். நீங்கள் கை தட்டியிருப்பீர்கள். ஆனால் பிள்ளையைக் கடலுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு, திரும்பிப்போகும் டிக்கெட்டுக்கு இவர்களையே நம்பியிருக்கிற ஒருத்தி வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள மாட்டாள். அவள் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள். துரைசாணியும் வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தாள். தோட்டத்தில் அவர்கள் ஒரே பலகையில் உட்கார்ந்ததில்லை.

5

துரைசாணியை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. முதல் வரைவில் கொடுமைக்காரியாக எழுதினேன். எழுத எழுதச் சுகமாக இருந்தது, அதனால் சந்தேகம் வந்தது. இரண்டாவதில் நல்லவளாக்கினேன். அவள் அழுதாள், எனக்குக் கொட்டாவி வந்தது. இப்போது இருப்பவள் தூக்கமில்லாத ஒரு பெண். புருஷனுக்கு வேலை போய்விட்டது. பிள்ளை தன்னிடம் வருவதில்லை. புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, தோட்டத்தில் கற்ற கொஞ்சம் தமிழும் கொஞ்சம் மலாயும் கலந்து பேச ஆரம்பித்தாள்.

"வீரம்மா."

"சொல்லுங்கம்மா."

"நாங்க பாலிக் இல்லை."

பாலிக் என்றால் திரும்பிப்போவது. லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த வார்த்தை. வீரம்மா புரியாததுபோல் இருந்தாள்.

"தீவாளிக்குப் போறோம்லம்மா?"

"துரைக்கு வேலை இல்லை. கம்பெனி போகச் சொல்லியாச்சு. மலாயா ஹாபிஸ்." முடிந்துவிட்டது என்பதற்குக் கையையும் விரித்துக் காட்டினாள்.

"இது எப்பலேருந்து தெரியும்?"

துரைசாணி தரையைப் பார்த்தாள்.

"கப்பல் ஏறுறதுக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

துரைசாணி மடியிலிருந்த புத்தகத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். வீரம்மாவுக்கு அதுவே போதும்.

"நீ எங்களோட இரு. பேபி நீ இல்லாம தூங்காது. ரெண்டு வருஷம், மூணு வருஷம். அப்புறம் பாக்கலாம்."

"என் புள்ளைம்மா?"

"உன் அண்ணி இருக்கா. நல்ல அண்ணி."

வீரம்மாவுக்குத் தெரியாத ஒன்றை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அன்று காலை ஓட்டல் சாப்பாட்டு மேசையில் இன்னொரு வெள்ளைக்காரக் குடும்பம் இருந்தது. மலாயாவில் கமுந்திங்கில் ஈயச் சுரங்கம் பார்க்கப் போகிறவர்கள். இரண்டு நாளில் பினாங்குக் கப்பல். கைக்குழந்தை இருக்கிறது, ஆயா இல்லை. "உங்கள் ஆயா ஊருக்குத் திரும்புகிறாளா? எங்களோடு வரட்டுமே," என்று அந்த அம்மாள் கேட்டாள். துரைசாணி வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்: "இல்லை, அவள் எங்களை விட்டுப் போக மாட்டேன் என்கிறாள்."

துரைசாணியின் ஒரு தலையாட்டல் போதும், வீரம்மா பிள்ளையிடம் போய்ச் சேர்ந்துவிடுவாள். நாளைக் காலை இவர்களோடு லண்டனுக்கு ரயிலேறிவிட்டால் அந்த வாய்ப்பு கிடையாது.

6

வீரம்மா எழுந்தாள். தோளில் தூங்கிய பேபியை இறக்கித் துரைசாணியின் மடியில் வைத்தாள். அது சிணுங்கியது. இந்த முறை அவள் தட்டிக்கொடுக்கவில்லை. பக்கத்திலிருந்த மெழுகுவர்த்தித் தட்டிலிருந்து எரிகிற ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து துரைசாணியின் முன்னால் நின்றாள்.

"சூடம் அடிங்கம்மா."

(இங்கே விளக்க வேண்டியிருக்கிறது. நல்ல எழுத்தாளராக இருந்தால் இதை இரண்டாம் பகுதியிலேயே நைசாகச் சொருகியிருப்பார். எனக்கு அலுப்பாக இருந்தது. தோட்டத்தில் கோழி காணாமல் போனாலும், புருஷன் பெண்டாட்டிக்குள் சந்தேகம் வந்தாலும், கடைசியில் மாரியம்மன் கோயிலுக்குத்தான் போவார்கள். சூடம் ஏற்றி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். பொய்யாக அடித்தவன் குடும்பத்தை அந்தத் தீ விடாது. விசாரித்து மண்டையை உடைத்துக்கொள்ளாமல் இருக்கத் துரையே பலமுறை "கோயிலுக்குப் போ, சூடம் அடி" என்று அனுப்பியிருக்கிறார். துரைசாணி குடை பிடித்துக்கொண்டு அதை வேடிக்கை பார்த்திருக்கிறாள்.)

ஆகவே அவளுக்குப் புரிந்தது. இது சூடம் இல்லை, மெழுகுவர்த்தி என்று சொல்லியிருக்கலாம். இது உன் கோயிலும் இல்லை, என் சபையின் கோயிலும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள், நானும் மாற்றவில்லை.

"எழுந்திருக்க வேணாம். அங்கேருந்தே அடிங்க. வார கப்பல்ல வீரம்மாவ ஊருக்கு அனுப்பிடுறேன்னு சொல்லி அடிங்க. புள்ள மடியில இருக்கு. பாத்து அடிங்க."

"வீரம்மா, பேபிக்கு நீ—"

"என் புள்ளைக்கு நான்தாம்மா ஆயா."

துரைசாணி கையைத் தூக்கினாள். உள்ளங்கை தீக்கு மேலே வந்து நின்றது.

7

இதற்கு மேல் நான் எழுதிப் பார்த்தவை:

துரைசாணி அடித்துவிடுகிறாள். வீரம்மா கமுந்திங் குடும்பத்தோடு கப்பலேறி, தீபாவளிக்கு முன்பே லயத்துக்கு வருகிறாள். அஞ்சலை அவளை அடையாளம் தெரியாமல் முத்தம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிகிறாள். இதை எழுதி முடித்து அழுதேன். மறுநாள் படித்தபோது, பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தவளையும் அழவைத்துத்தான் ஆக வேண்டுமா என்று என் மேலேயே வெறுப்பு வந்தது. கிழித்தேன்.

துரைசாணி கையை இழுத்துக்கொள்கிறாள். லண்டனில் குளிர். ஊருக்குப் போகக் கப்பல் பார்த்துக் காத்திருக்கும் ஆயாக்கள் நிறைந்த ஒரு வீடு. வீரம்மா ஜன்னலோரத்தில்— அந்த ஜன்னலைத் தாண்டி என்னால் எழுத முடியவில்லை.

துரைசாணி அடிக்கிறாள், சொன்ன சொல்லை மீறுகிறாள், பேபிக்குக் காய்ச்சல் வருகிறது. இதைப் படித்த சந்திரமதி அக்கா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "பச்சைப் பிள்ளையைப் பலி போட்டுக் கதையை முடிக்கிறியா?" என்றார். அதையும் கிழித்தேன்.

"சரியக்கா, நீங்க சொல்லுங்க. அடிப்பாளா மாட்டாளா?"

அவர் யோசித்தார். அவர் யோசித்து நான் பார்த்ததே இல்லை. "எனக்குத் தெரியேல்ல," என்றார். "ஆனா போகவிடுற உருத்தை, அந்த உரிமையைத் துரைசாணியிட்டக் குடுத்ததே பிழை. அந்தப் பிள்ளைக்காரி போறதுக்கு ஏன் மற்றவ கையை அடிக்க வேணும்?"

தாள்களை வாங்கி மடித்து வைத்தேன். 1922இல் இப்படி யாரும் கேட்கவில்லை.

8

எனக்கு முடியவில்லை. அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே முடியவில்லை. பல மாதங்களாக இந்த இடத்திலேயே நிற்கிறேன். சிற்றாலயத்திலிருந்து துரை வெளியே வந்து, இரண்டு பெண்களையும் பார்த்து, அவரும் அங்கேயே நிற்கிறார். பேபி விழித்துக்கொண்டு தீயையே பார்க்கிறது.

நீங்களே முடித்துவிடுங்கள். எப்படி முடித்தாலும் சண்டைக்கு வர மாட்டேன். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: யோசித்துக்கொண்டே இருக்காதீர்கள். நான் முதல் முடிவைக் கிழித்தபோது, இரண்டாவதைப் பாதியில் விட்டபோது, தேநீர் போட எழுந்து போனபோது, எல்லா நேரமும் அந்த மெழுகு உருகி வீரம்மாவின் விரல் மேல் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. இப்போது மணிக்கட்டுக்கு வந்துவிட்டது. அவளாக அதைக் கீழே வைக்க மாட்டாள்.